தார் மணக்கும் தேவாலயம்

நோர்வேயில் எல்லாரையும் 'டூ' என்றுதான் கூப்பிட வேண்டும். டூ என்றால் நீ. வைத்தியரும் நீதான், மேலதிகாரியும் நீதான், எண்பத்தெட்டு வயதுப் பெரியவரும் நீதான். லார்டால் பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சொல் என் வாயில் வரவே மறுத்தது. என் பராமரிப்பில் இருந்த ஒரு பெரியவரை வாயால் டூ என்றாலும் மனதுக்குள், எங்கள் ஊரில் பெரியவர்களை அழைப்பதுபோல, அப்பு என்றே அழைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவருக்குச் சப்பாத்துப் போட்டுவிடும்போது கை கூசாமல் இருந்தது.

ஒஸ்லோவில் சொந்தக்காரர், கோயில், தமிழ்க்கடை எல்லாம் இருக்க ஏன் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனீர்கள் என்று இன்றும் கேட்கிறார்கள். கணவருக்கு வேலை அங்கே கிடைத்தது, போனோம். இரண்டு பக்கமும் மலை, நடுவே ஆறு. குளிர்காலத்தில் சூரியன் மலைக்குப் பின்னாலேயே நின்றுவிடும். கதைக்க ஆளில்லை. வகுப்பில் படித்த நோர்வேஜிய மொழி ஒன்று, அந்த ஊர்ச் சனம் பேசியது வேறொன்று.

அப்புவின் கட்டிலுக்கு மேலே ஒரு படம் தொங்கியது. கறுத்த மரக் கட்டடம்; கூரைக்கு மேல் கூரை, அதற்கு மேல் இன்னொரு கூரை, உச்சியில் வாயைப் பிளந்த டிராகன் தலைகள். ஏதோ சீனத்துக் கோயில் என்று நினைத்துக் கேட்டேன். "இல்லை, இது எங்கள் போர்குண்ட் தேவாலயம். இங்கிருந்து முப்பது கிலோமீற்றர் வராது" என்றார். அந்தப் படத்தில்தான் நான் அந்த ஊர் மொழியைப் படித்தேன். விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தருவார். 'ஸ்தாவ்' என்றால் தூண். அதை வைத்துத்தான் இந்த வகைக் கோயிலுக்கே தூண் தேவாலயம் என்று பெயர். 'ஸ்வில்' என்றால் தூண்களைத் தாங்கும் அடிச்சட்டம்.

அந்த அடிச்சட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு முந்திய தலைமுறையினர் தூண்களை நேரே மண்ணில் புதைத்துத்தான் தேவாலயம் கட்டினார்கள். ஈரம் ஏறி அடி உக்கிப்போக, அப்படிக் கட்டிய ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. பிறகு வந்த தச்சர்கள் நிலத்தில் கல் அடுக்கி, கல்லின்மேல் சட்டங்களைச் சதுரமாகக் கிடத்தி, அதன்மேல் தூணை ஏற்றினார்கள். மரம் மண்ணைத் தொடவே இல்லை. போர்குண்டின் மரங்கள் 1180-81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று வளையங்களை எண்ணிச் சொல்கிறார்கள். எட்டு நூற்றாண்டுக்கு மேல் மழையும் பனியும் குடித்து நிற்கிறது.

மரமும் சும்மா மரமில்லை. பைன் மரத்தின் நடுப்பகுதி, பிசின் ஊறி இறுகியது. அதை 'மால்ம்' என்பார்கள் என்றார் அப்பு. எங்கள் ஊரில் முற்றிய பனையின் இறுகிய பகுதியை வைரம் என்போம், வீட்டுக் கூரைக்குச் சலாகை போட வைரம் பாய்ந்த பனையாகப் பார்த்துத்தான் தறிப்போம் என்று எனக்குத் தெரிந்த மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். வைரம் என்றால் மோதிரத்தில் பதிக்கும் கல்லும்தான் என்றதும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது. அன்றிலிருந்து என்னிடம் மட்டும் அவர் மால்ம் என்று சொல்லவில்லை, 'வைரம்' என்றே சொன்னார்.

தார் எடுப்பதைப் பற்றி அவர் பேசினால் நேரம் போவது தெரியாது. சின்ன வயதில் தகப்பனோடு மலைச்சரிவில் சூளை போட்டவர். பைன் வேர்களைக் கிண்டிச் சிறாம்புகளாகப் பிளந்து, புனல் மாதிரிக் குழியில் நெருக்கமாக அடுக்கி, மேலே புல்லும் மண்ணுமாக மூடித் தீ வைப்பார்களாம். தீ எரியக் கூடாது, புகைந்துகொண்டே இருக்க வேண்டும். இரவும் பகலும் காவல். கடைசியில் அடியிலுள்ள குழாயால் கறுப்புத் தேன் மாதிரித் தார் வடியும். அதைச் சூடாக்கிப் பூசியதாலும்தான் அந்தத் தேவாலயம் இன்றும் இருக்கிறது.

முதல் கோடை வந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியால் இறங்கியவுடனே மணம் வந்தது: புகை, பிசின், கொஞ்சம் இனிப்பு. கட்டடம் நான் நினைத்ததைவிடச் சின்னது. வெயில் படும் தெற்குச் சுவர் தேன் நிறத்துக்கு வெளுத்திருக்க, வடக்குச் சுவர் கரிக்கறுப்பு. சுவரைச் சுற்றி ஒரு கூரை போட்ட நடை ஓடுகிறது. கோயில் வீதி சுற்றிப் பழகிய கால்கள் கேட்குமா? மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன். நிலையின் இரண்டு பக்கமும் கொடிகளும் டிராகன்களும் ஒன்றையொன்று கடித்துப் பின்னிக் கிடக்கின்றன. வாசற்படி உயரம். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

உள்ளே இருட்டு. உயரத்தில் சின்னச் சின்ன வட்ட ஓட்டைகள், வெளிச்சத்துக்கு அவ்வளவுதான். கண் பழகப் பழகத்தான் தூண்கள் தெரிந்தன. நடுவே நின்று மேல்நோக்கிப் போகும் தூண்கள், இடையில் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டங்கள், வளைந்த முட்டுகள். அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்துவைத்த வள்ளத்துக்குள் நிற்பதுபோல இருந்தது. அந்தக் காலத்தில் சனம் நின்றுகொண்டே வழிபட்டார்களாம்.

சுவர்களில் வட ஐரோப்பியரின் பழைய ரூன் எழுத்துகள் கீறியிருக்கின்றன. அவற்றில் ஒன்றை வழிகாட்டிப் பெண் வாசித்துச் சொன்னாள். தோரிர் என்ற வழிப்போக்கன் ஒருவன், புனித ஓலாவ் திருநாளுக்கு முந்திய மாலையில் இந்த வழியால் போனபோது கீறியது. விதியை எழுதும் நோர்ன் தேவதைகள் நன்மையும் செய்தார்கள், தீமையும் செய்தார்கள், எனக்குப் பெரிய பாடு வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறான். கிறிஸ்தவக் கோயில் சுவரில் நின்று தலையெழுத்தை நொந்திருக்கிறான் பாவம். ஊர்விட்டு வந்த நாளிலிருந்து நான் எத்தனை இரவு அதையே நினைத்திருப்பேன்! மகள் கையை இழுக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

நோர்வேயில் ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்த தூண் தேவாலயங்களில் இன்று மிஞ்சியவை 28. பலவற்றைத் தீயும் உக்கலும் தின்றன; பலவற்றைச் சட்டம் தின்றது. 1851இல் வந்த சட்டம், ஊர்ச் சனத்தில் பத்தில் மூன்று பங்கு பேர் தேவாலயத்துக்குள் கொள்ள வேண்டும் என்றது. சின்னப் பழைய கோயில்களைப் பிரித்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். போர்குண்டில் 1868இல் புதியதைப் பக்கத்திலேயே கட்டிக்கொண்டு பழையதை விட்டுவைத்தார்கள். 1877இல் தொல்சின்னப் பாதுகாப்புச் சங்கம் அதை வாங்கியது. புதியது வெயிலில் பளிச்சென்று நிற்கிறது; நான் உள்ளே போகவில்லை.

திரும்பும்போது தெற்குச் சுவரில் கை வைத்தேன். வெயிலில் இளகிய தார் விரலில் ஒட்டிக்கொண்டது. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. மறுநாள் வேலைக்குப் போய் அந்த விரலை அப்புவிடம் நீட்டினேன். என் கையைப் பிடித்து மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை. பிறகு, "டூ, வடக்குப் பக்கம் எப்படி இருக்கிறது? இன்னும் நல்ல கறுப்புத்தானே?" என்று கேட்டார்.

கறுப்புத்தான் அப்பு என்றேன், தமிழிலேயே.