அதே நண்டு, வேற கணக்கு: எக்ஸ்பி கணினியில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்

வேதாளைப் பக்கம் கடற்கரையை ஒட்டி மாமாவுக்கு ஒரு நண்டுக் கொட்டகை இருக்கிறது. காலையில் நாட்டுப்படகுகள் கரைக்கு வந்ததும் வலையிலிருந்து நண்டைக் கழற்றி, பெரிசு, நடுத்தரம், பொடி என்று மூன்றாகப் பிரித்து எடை போடுவார்கள். அத்தைதான் கணக்கு. ஒவ்வொரு படகுக்கும் துண்டுச்சீட்டு எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்று சொன்னதால், "நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதித் தாரேன்" என்று வாய் விட்டுவிட்டேன். தடைக்காலம் வரட்டும், ஆற அமரச் செய்யலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது விசைப்படகுக்கு. நாட்டுப்படகு நண்டு வந்துகொண்டேதான் இருக்கும்.

ராமநாதபுரத்தில் வீட்டில் உட்கார்ந்து, என் மடிக்கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழியின் 3.11 பதிப்பில் இரண்டு இரவில் எழுதி முடித்தேன். படகு எண்ணையும் மூன்று எடையையும் தட்டினால் போதும். விலையோடு பெருக்கி, கூட்டி, ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) சேமித்து, சீட்டு அடித்துவிடும். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

கொட்டகையில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. எனக்குத் தெரியாமல் இல்லை, அந்தக் கணினியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், மஞ்சளடித்த கீபோர்டு, மேலே உப்புக்காற்றுக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. "புதுசா ஒண்ணு வாங்கிரலாமே மாமா" என்றதற்கு, "வாங்குனா ரெண்டு வருசத்துல துருப்பிடிச்சுப் போகும் மருமகனே. இது துருப்பிடிக்க வேண்டியதெல்லாம் பிடிச்சு முடிச்சிருச்சு" என்றார். அதற்கு மேல் என்ன பேச? இணையம் கிடையாது, வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை. சரி, இருக்கிற எக்ஸ்பியிலேயே ஓட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.4. அதிலும் விண்டோஸுக்கு ஆயத்த இன்ஸ்டாலரோடு வந்த கடைசிப் பதிப்பு 3.4.4. அதற்குப் பிறகு வந்த 3.4.5 முதல் 3.4.10 வரை எல்லாம் மூலநிரலாக மட்டும்தான். 3.4 வெளியானது 2014 மார்ச்சில். அடுத்த மாதமே எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. கடைசி பஸ்ஸைப் பிடித்த மாதிரிதான். வீட்டுக்குத் திரும்பி 3.4.4-ஐ இறக்கி எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு மறுபடி போனேன்.

இன்ஸ்டால் ஆனது. ஸ்கிரிப்டை ஓட்டினால் முதல் அடியிலேயே சிண்டாக்ஸ்எரர், அதாவது இலக்கணப் பிழை. காரணம் எஃப்-ஸ்டிரிங். மேற்கோளுக்கு முன்னால் 'எஃப்' போட்டு, உள்ளே நெளிவு அடைப்பில் மாறியின் பெயரை எழுதும் அந்த வசதி 3.6-இல்தான், 2016 டிசம்பரில் வந்தது. நான் அதை 20 இடத்துக்கு மேல் பயன்படுத்தியிருந்தேன். எல்லாவற்றையும் பழைய ஃபார்மேட் முறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அலுப்பான வேலைதான், கடினம் இல்லை.

இதில் ஒரு கூத்து. கோப்பின் முதல் வரியிலேயே, 'பதிப்பு 3.6-க்குக் குறைவாக இருந்தால் ஒரு செய்தி காட்டி நிறுத்து' என்று முன்பே எழுதி வைத்திருந்தேன். அந்தச் செய்தி வரவே இல்லை. பைத்தான் முதலில் முழுக் கோப்பையும் படித்து இலக்கணம் சரிபார்த்த பிறகுதான் முதல் வரியை ஓட்டத் தொடங்கும். 80-ஆவது வரியில் புரியாத எழுத்து இருந்தால் முதல் வரிக்கே வாய்ப்பு இல்லை. காவல்காரனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி. அப்படிச் சோதிக்க வேண்டுமானால், பழைய நடையிலேயே தனியாக ஒரு சின்னக் கோப்பு எழுதி, அதில் பதிப்பைப் பார்த்துவிட்டு, பிறகுதான் பெரிய கோப்பை இம்போர்ட் செய்ய, அதாவது உள்ளே இழுக்க வேண்டும்.

அடுத்தது பாத்லிப், கோப்பு இருக்கும் இடத்தை ஒரு 'பாத்' பொருளாக வைத்துக் கையாளும் மாட்யூல். பாத்லிப் 3.4-இலேயே இருக்கிறது, அதனால் தைரியமாக விட்டிருந்தேன். ஆனால் பாத் பொருளை அப்படியே ஓப்பன் ஃபங்ஷனுக்குள் கொடுக்கும் வசதி 3.6-இல்தான் வந்தது. 3.4-இல் கொடுத்தால், இது செல்லாத கோப்பு என்று டைப்எரர் அடிக்கிறது. கொடுக்கும் இடத்தில் எஸ்டிஆர் போட்டுச் சரமாக்கினால் (வெறும் எழுத்துத் தொடராக மாற்றினால்) தீர்ந்தது. ஒரு மாட்யூல் பழைய பதிப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, மற்ற ஃபங்ஷன்களுக்கு அதைத் தெரியுமா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் தமிழ். 3.6-லிருந்து விண்டோஸின் கறுப்புத் திரைக்குப் பைத்தான் யூனிகோடிலேயே பேசுகிறது. 3.4 அப்படி இல்லை. அந்தத் திரையின் பழைய கோட்பேஜில் (எழுத்துப் பட்டியலில்) எது இருக்கிறதோ அதுதான். தமிழ் அதில் இல்லை. 'எடை?' என்று கேட்கப் போன இடத்திலேயே யூனிகோட்என்கோட்எரர் வந்து விழுந்துவிட்டது. இதற்கு நான் மல்லுக்கட்டவில்லை. திரையில் வெறும் 1, 2, 3 என்று மட்டும் கேட்கச் செய்து, '1 பெரிசு, 2 நடுத்தரம், 3 பொடி' என்று எழுதிய காகிதத்தை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டேன். சீட்டை மட்டும் யூடிஎஃப்-8 உரைக்கோப்பாக, தொடக்கத்தில் பிஓஎம் குறியோடு (இது யூனிகோட் கோப்பு என்று காட்டும் அடையாளம்) எழுதி, நோட்பேட் வழியாக அச்சுக்கு அனுப்பினேன். எக்ஸ்பியில் வட்டார மொழி அமைப்பில் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். பழைய குறுந்தகடு மாமாவிடம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பிரிண்டர் கர் கர் என்று வரி வரியாகத் தமிழில் அடித்தபோது கொட்டகையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

அன்று மாலை சந்தோசமாக பஸ் ஏறினேன். உச்சிப்புளி தாண்டவில்லை, போன் வந்துவிட்டது.

"என்னப்பா இது, ஒரே படகுக்கு ரெண்டு தொகை காட்டுது? தாள் சிக்கிக்கிச்சுன்னு மறுபடி அடிச்சேன். மொதல்ல 8,700. இப்ப 7,125. நண்டு அதேதானே?"

அத்தை நோட்டிலும் எழுதி வைத்திருந்ததால் பிழைத்தோம். பெரிசு 12 கிலோ, நடுத்தரம் எட்டரை, பொடி 5. சோதனைக்காக நான் போட்டிருந்த விலை 450, 300, 150. கணக்குப்படி 8,700தான் சரி. மறுபடி அடிக்கச் சொன்னேன். 6,600. இன்னொரு தடவை, 8,175. பஸ்ஸில் எனக்கு வேர்த்துவிட்டது. அதுவரை வந்த பிழைகள் எல்லாம் கத்திக்கொண்டு வந்து நின்றவை. இது சத்தமே போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். என் மடிக்கணினியிலேயே 3.4.4-ஐயும் நிறுவினேன். 'பை' லாஞ்சருக்குப் பின்னால் 3.4 என்று எண்ணைக் கொடுத்தால் அந்தப் பதிப்பிலேயே ஓட்டிவிடும், 3.11-க்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இதை முன்பே செய்திருந்தால் இரண்டு பஸ் டிக்கெட் மிச்சம்.

காரணம் என் சோம்பேறித்தனம். விலைகளை ஒரு டிக்ட்டில் (பெயரைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும் அமைப்பு) வைத்திருந்தேன். எடைகள் ஒரு லிஸ்ட்டில், அதாவது வரிசைப் பட்டியலில். இரண்டையும் ஜிப் போட்டு ஜோடி சேர்த்துப் பெருக்கியிருந்தேன். 3.7-லிருந்து டிக்ட் நாம் போட்ட வரிசையிலேயே இருக்கும் என்பது மொழியின் உத்தரவாதம். 3.4-இல் அப்படி எந்த வாக்கும் இல்லை. போதாததற்கு, 3.3-லிருந்தே பாதுகாப்புக்காகச் சரங்களின் ஹாஷ் (டிக்ட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று தீர்மானிக்கும் எண்) ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு தடவை ஐகானை அழுத்தும்போதும் விலைகள் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து, பொடி நண்டு விலை பெரிசுக்குப் போய்விடுகிறது. மூன்று விலையை ஆறு வரிசையில் வைக்கலாம். அதில் ஒன்றுதான் சரி. நான் கொட்டகையில் சோதித்தபோது அந்த ஒன்று வந்து என்னை ஏமாற்றியிருக்கிறது.

சரி, போட்ட வரிசையைக் காப்பாற்றும் ஆர்டர்ட்டிக்ட் இருக்கிறதே என்று, இருந்த டிக்ட்டை அப்படியே அதற்குள் தூக்கிப் போட்டேன். மறுபடியும் மாறி மாறி வந்தது. யோசித்தால் புரிகிறது: நெளிவு அடைப்பில் எழுதும்போதே கலைந்துவிடுகிறது, கலைந்த வரிசையைத்தான் ஆர்டர்ட்டிக்ட் பத்திரமாக வைத்துக்கொள்கிறது! ஜோடி ஜோடியாக ஒரு லிஸ்ட்டில் எழுதிக் கொடுத்தால்தான் வரிசை நிற்கும். கடைசியில் அதையும் எடுத்துவிட்டு, ஜிப்பைத் தூக்கி எறிந்து, ஒவ்வொரு எடையையும் அதன் தரத்தின் பெயரோடு சேர்த்து வைத்து, அந்தப் பெயரைக் கொண்டே விலையைத் தேடும்படி மாற்றினேன். இனி வரிசை எப்படிக் கலைந்தாலும் கவலை இல்லை.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி கிடைத்தது. பைத்தான்ஹாஷ்சீட் என்று ஒரு சூழல் மாறி உண்டு. அதில் ஓர் எண்ணைக் கொடுத்தால் கலைப்பது அந்த எண்ணுக்கு ஏற்ற மாதிரியே நடக்கும். 1 முதல் 50 வரை கொடுத்து அதே மூன்று எடையை ஓட்டினேன். பழைய ஸ்கிரிப்ட்டில் நான்கு விதமான தொகை வந்தது. புதியதில் ஐம்பது தடவையும் 8,700.

மூன்றாவது ஞாயிறு. கோப்பை மாற்றிவிட்டு, "இப்பப் பாருங்க அத்தை" என்றேன். அத்தை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சீட்டு அடித்தார். சரி பார்த்தார். மூடிவிட்டு மறுபடி திறந்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பத்தாவது சீட்டு வெளியே வந்தபோது மாமா வெளியிலிருந்து சத்தம் போட்டார்: "தாள் என்ன மரத்துலயா காய்க்குது?"

"காய்க்கலைதான். போன வாரம் 2,100 ரூவா போயிருந்தா அதுவும் காய்ச்சிருக்காது" என்றபடி அத்தை பதினோராவது சீட்டை அடித்தார்.