மினரல் ஆயில் பிரேக்கில் டாட் திரவம் ஊற்றினால்

சைக்கிளின் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் எந்தத் திரவம் ஊற்றலாம் என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்தான். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோவுக்கு மினரல் ஆயில். ஹோப்புக்கும் ஸ்ராமின் பெரும்பாலான மாடல்களுக்கும் டாட் திரவம் (கார், பைக் பிரேக்கில் ஊற்றும் DOT வகை). ஆனால் ஸ்ராமிலேயே டிபி8, மேவன் இரண்டும் மினரல் ஆயில்! ஆகவே கம்பெனியை வைத்து ஊகிக்காமல், அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

டாட் திரவத்துக்கான சீல் பொதுவாக ஈபிடிஎம் ரப்பர். மினரல் ஆயில் பட்டால் அது ஊறி உப்பிவிடும். முதலில் பிரேக் நன்றாகவே பிடிக்கும், ஆபத்தே அதில்தான். பிறகு பிஸ்டன் பின்வாங்காது, பேட் டிஸ்க்கை உரசும், லீவர் மெதுவாகத் திரும்பும், கடைசியில் கசியும். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஊற்றினாலும் சீல் கெடும்.

கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, லீவரிலும் காலிப்பரிலும் (பிஸ்டனும் பேடும் இருக்கும், டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) எல்லா சீல்களையும் மாற்ற வேண்டும். திரவம் செல்லும் குழாயான ஹோஸையும் மாற்றுவதே நல்லது. சீல் கிட் கிடைக்காத மாடலென்றால் புது பிரேக்தான். ப்ளீட் செய்யும், அதாவது பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும், சிரிஞ்சுகளையும் இரண்டு திரவங்களுக்கும் தனித்தனியாக வையுங்கள்.

டாட் 5 சிலிகான் வகை, 5.1 கிளைக்கால் வகை. இவற்றையும் கலக்கக்கூடாது.

திரவம் ஒன்றே என்றாலும் வேறு கம்பெனி லீவரும் காலிப்பரும் பொருந்திவிடாது. காலிப்பர் பிஸ்டனின் பரப்பு லீவருக்குப் பெரிதானால் லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும். சிறிதானால் லீவர் கெட்டியாக இருக்கும், பிடிமானமோ குறையும். ஹோஸின் முனையை இணைப்பில் இறுக்கிப் பிடிக்கும் ஆலிவ் (வளையம்), பார்ப் (ஹோஸுக்குள் செருகும் சிறு குழல்) இரண்டும் ஹோஸுக்கும் லீவருக்கும் உரியவையாக இல்லாவிட்டால் அழுத்தத்தில் ஹோஸ் கழன்றுவிடலாம்.