ஏழு மணிக்கு ஆல்ஃப்

ஜூன் 24, 2024, திங்கள்

மாலை ஷிப்ட். சிட்னியில் இப்போது ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. முதியோர் இல்லத்தில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தாலும் பாட்டிக்கு இரண்டு கம்பளி வேண்டியிருக்கிறது. இங்கே எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவர் பேரை எழுதக்கூடாது என்பதால் பாட்டி என்றே வைத்துக்கொள்கிறேன். அவர் என்னை 'லவ்' என்பார்.

ஏழு மணிக்கு சேனல் செவனில் 'ஹோம் அண்ட் அவே' தொடர். மாத்திரை வண்டியும் அதே ஏழு மணிக்குத்தான் வரும். அந்தத் தொடரில் வரும் ஆல்ஃப் ஸ்டூவர்ட் பேச வாயெடுத்த நேரம் பார்த்து நான் டிவிக்குக் குறுக்கே நின்று தண்ணீரை நீட்டினேன். பாட்டி கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து எனக்குப் பின்னால் அவரைத் தேடினார். மாத்திரையை விழுங்கி முடிப்பதற்குள் காட்சி போய்விட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

ஜூன் 26, புதன்

லீவு. துணி துவைத்துப் போட்டுவிட்டு, ஆல்ஃபாக நடிக்கும் ரே மார் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். எழுந்தபோது மதியம் மூன்று.

1944 ஜூலை 4-ஆம் தேதி குயின்ஸ்லாந்தின் ரோமா என்ற ஊரில் பிறந்தவர். டிரன்பாண்டி பக்கம் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்திருக்கிறார். பாட்டி சின்ன வயதில் இருந்ததும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். மேப்பில் பார்த்தால் நியூ சவுத் வேல்ஸ் எல்லையை ஒட்டி, பிரிஸ்பேனிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கிறது. படிப்புக்காக அவரை பிரிஸ்பேனில் ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆல்ஃபுக்கு முன்னால் அவர் பெரும்பாலும் முரட்டு ஆசாமிதான். 1980-இல் வந்த 'ப்ரேக்கர் மோரன்ட்' படத்தில் சார்ஜென்ட் மேஜர். பெண்கள் சிறையை வைத்து எடுத்த 'பிரிசனர்' தொடரில் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு ஆளாக வந்திருக்கிறார். எனக்கு இதுதான் ஆச்சரியம். ஒரே தொடரில் மூன்று முறை கூப்பிட்டார்கள் என்றால், வந்த வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுக்கும் ஆள் என்று பேர் எடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் 1988 ஜனவரி 17. 'ஹோம் அண்ட் அவே' முதல் நாள். அதற்கு முன்பு இதே சேனல் செவன் 'நெய்பர்ஸ்' தொடரைப் பாதியில் நிறுத்தியது. போட்டிச் சேனலான டென் அதை எடுத்து ஓஹோவென்று ஓட்டியது. விட்டதைப் பிடிக்க செவன் போட்ட தொடர் இது. நகரத்தை விட்டு, வளர்ப்புப் பிள்ளைகளோடு கடற்கரை ஊருக்குக் குடிவரும் ஒரு குடும்பம்தான் கதை. அந்த ஊர் பெரிய மனுஷன் ஆல்ஃப். அன்று ரே மாருக்கு வயது 43. முதல் நாள் நடித்தவர்களில் இன்றும் அதிலேயே இருப்பவர் அவர் ஒருவர்தான். ஒரே ஆஸ்திரேலியத் தொடரில் மிக அதிக காலம் நடித்தவர் என்று கின்னஸிலும் பேர் இருக்கிறது.

ஹீத் லெட்ஜர், கிறிஸ் ஹெம்ஸ்வொர்த், நவோமி வாட்ஸ் எல்லோரும் இந்தத் தொடரைத் தொட்டுவிட்டு ஹாலிவுட் போனவர்கள். அவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு, போகாதவரைப் பற்றி எழுதத்தான் ஆசையாக இருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

பாம் பீச் போய்வந்தேன். தொடரில் 'சம்மர் பே' என்று வரும் ஊர் இதுதான். சிட்னி நகரத்திலிருந்து வடக்கே 40 கிலோமீட்டர் இருக்கும். வின்யார்டில் மஞ்சள் டபுள் டெக்கர் பஸ் பிடித்து மோனா வேல், அங்கிருந்து 199-ஆம் நம்பர் பஸ்.

பாரன்ஜோயி கலங்கரை விளக்கம் வரை ஏறினேன். 1881-இல் மணற்கல்லால் கட்டியது. மேலே நின்று பார்த்தால் நிலம் ஒரு கழுத்து மாதிரி ஒடுங்கிப் போகிறது. இடது கைப்பக்கம் பசிபிக் அலை அடித்து நொறுங்குகிறது. வலது பக்கம் பிட்வாட்டர், குளம் போலக் கிடக்கிறது, படகுகள் அசையவே இல்லை. நடுவில் மணலும் புதரும் கொஞ்சம் அகலம்தான். ஷூட்டிங் எதுவும் இல்லை. தொடரில் வரும் சர்ஃப் கிளப் கட்டடத்துக்கு முன்னால் யாரோ நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். உள்ளறைக் காட்சிகளை எல்லாம் நகரத்துக்குள் ஸ்டூடியோவில் எடுக்கிறார்கள்.

திரும்பி வரும் வழியில் ஒரு மைதானத்தில் கலாக் கூட்டம். கலா என்பது ஒரு வகைக் காக்கட்டூ கிளி. ரோஜா நிற மார்பு, சாம்பல் நிறச் சிறகு. முப்பது நாற்பது இருக்கும், எல்லாம் குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. அசட்டுத்தனம் செய்கிறவனை இங்கே 'கலா' என்று திட்டுவார்கள். ஆல்ஃபின் வாயில் அது 'ஃப்ளேமின் கலா' ஆகிவிடும். நாடு முழுக்க அந்த வசவு அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது.

ஜூலை 2, செவ்வாய்

பாட்டியிடம் போட்டோக்களைக் காட்டினேன். கடலை அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை. கிளிகள் இருந்த படத்தை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டார். "எங்க அப்பா பேசுவது ஆல்ஃப் மாதிரியேதான் இருக்கும், லவ்" என்றார். 'ஸ்ட்ரூத்', 'ஸ்டோன் த க்ரோஸ்' என்று ஆச்சரியப்படுவதெல்லாம் அப்பா வாயில் கேட்டதாம். பேரப் பிள்ளைகள் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஏழு மணிக்கு டிவியில்தான் அந்தக் குரல் கேட்கிறது என்றார்.

அந்தப் பேச்சை வசனத்தாளில் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். வாயில் சரியாக உட்கார வேண்டுமே. பண்ணையில் வளர்ந்தவர் வாயில் அது உட்கார்கிறது. என் ஊர்ப் பேச்சை நான் வருஷத்துக்கு ஒரு முறை ஃபோனில்தான் கேட்கிறேன், அதனால் பாட்டி சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது.

ஆல்ஃபின் மனைவி அய்ல்சாவைப் பற்றியும் பாட்டி நிறையச் சொன்னார். அய்ல்சாவாக நடித்தவர் ஜூடி நன், இப்போது நாவலாசிரியர். 2000-இல் அவர் தொடரை விட்டுப் போனபோது கதையில் அய்ல்சா இதயம் நின்று இறந்தாள். கொஞ்ச காலம் கழித்து ஆல்ஃபுக்கு மூளையில் கட்டி வந்து, செத்துப்போன மனைவி கண்ணெதிரே நிற்பதாகத் தெரியும். அந்தக் காட்சிகளைப் பாட்டி இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது.

பொறுப்பில் இருந்த நர்ஸிடம் பாட்டியின் மாத்திரை நேரத்தைக் கேட்டேன். அரைமணி தள்ளிப்போனால் பரவாயில்லையா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஜூலை 4, வியாழன்

இன்று ரே மாருக்கு 80 வயது முடிகிறது. சாயங்காலம் டீ கொடுக்கும்போது பாட்டியிடம் சொன்னேன். "என்னைவிட நாலு வயசு சின்னவன்" என்றார், பெருமையாக.

2010-இல் அவருக்கு கோல்ட் லோகி கிடைத்தது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தரும், இந்த நாட்டு டிவியின் பெரிய விருது. அதற்குள் தொடரில் 22 வருஷம் ஆகியிருந்தது. அதே வருஷம் கொஞ்ச நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டனில் மேடை ஏறினார், 'ப்ரிசில்லா' இசை நாடகத்தில் பாப் என்ற மெக்கானிக்காக. முடித்துவிட்டு மறுபடி சம்மர் பேவுக்கே வந்துவிட்டார். 2021-இல் பைபாஸ் ஆபரேஷன். பைபாஸ் ஆனவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கே எத்தனை நாள் ஆகும், இருமும்போது தலையணையை எப்படி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். 77 வயதில் அதைக் கடந்து மறுபடி வசனம் மனப்பாடம் செய்து கேமரா முன்னால் நின்றிருக்கிறார். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆறே முக்காலுக்கு நர்ஸ் வந்து, டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார், பாட்டிக்கு மட்டும் இனிமேல் ஏழரைக்கு என்றார். சார்ட்டிலும் மாற்றி எழுதியாயிற்று.

வீல்சேரை முன்வரிசைக்குத் தள்ளி, பிரேக் போட்டு, கம்பளியை முழங்கால் வரை இழுத்துவிட்டேன். ஏழு மணி. வண்டியை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனேன்.

7.35. மாத்திரை இரண்டு, தண்ணீர் அரை டம்ளர்.