மரம் எத்தனை மீட்டர் என்று கேட்டால்

மூன்றாவது செமஸ்டர் கடைசி ரிவியூவில் என் கட்டட மாடலைப் பார்த்த லெக்சரர் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஒரு மரத்தை விரலால் தொட்டு, "இது எத்தனை மீட்டர்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஆன்லைனில் மொத்தமாக நாற்பது மரம் வாங்கி, முந்தைய நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வரிசையாக ஒட்டி வைத்திருந்தேன். எல்லாம் ஒரே பச்சை, ஒரே உயரம், போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி. அவரே ஸ்கேலை வைத்து அளந்தார், நாலு சென்டிமீட்டர். மாடல் 1:100 அளவு, ஆக நிஜத்தில் நாலு மீட்டர். பக்கத்தில் இருந்த என் இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல் ஜன்னலைக்கூட எட்டாத மரம். "பினாங்கில் எந்த ரோட்டில் இப்படி மரம் பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த செமஸ்டரில் எனக்கு சி கிரேடு. கட்டடம் சுமார்தான், மரத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் அடுத்த செமஸ்டரில் மரங்களை நானே செய்தேன், அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டடக் கலை, லேண்ட்ஸ்கேப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு உதவும், சும்மா வீட்டில் டயோராமா (சின்னக் காட்சி மாடல்) செய்கிறவர்களுக்கும்.

முதலில் கடைக்குப் போகாதீர்கள், மரத்தடிக்குப் போங்கள். எங்கள் பிராஜெக்ட் சைட் பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம், அதனால் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். அவனை ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் நிற்க வைத்து, நன்றாகப் பின்னால் தள்ளி வந்து போனில் படம் எடுத்தேன் (கிட்ட நின்று எடுத்தால் உச்சி சுருங்கி, உயரம் குறைவாகக் காட்டும்). அவன் 1.7 மீட்டர். படத்தில் அவனை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் பன்னிரண்டு தடவை வந்தது, ஏறக்குறைய 20 மீட்டர். அப்புறம் கிளைகளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து பார்த்தேன், நாற்பது தப்படி, என் தப்படி ஒன்று 70 சென்டிமீட்டர், ஆக 28 மீட்டர். உயரத்தைவிட அகலம் அதிகம்! தினமும் பார்க்கிற மரம்தான், ஆனால் காகிதத்தில் மரம் வரை என்றால் கை தானாக ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஒன்றைத்தான் வரையும். 1:100 மாடலில் இது 20 சென்டிமீட்டர் உயரம், 28 சென்டிமீட்டர் அகலம். நாலு சென்டிமீட்டர் எங்கே, இது எங்கே.

அடியில் நின்று மேலே பார்த்ததில் இன்னொன்றும் புரிந்தது. இலை மேலே ஒரு மெல்லிய கூரை மாதிரிதான் இருக்கிறது, உள்ளே முழுக்க வெறும் கிளை, இடையிடையே வானம். இதைப் பார்க்காமல் செய்கிறவர்கள்தான் பச்சை உருண்டையைக் குச்சியில் குத்தி வைக்கிறோம்.

ஆகவே எலும்புக்கூடுதான் முக்கால்வாசி வேலை. என் மாமா வயரிங் வேலை செய்கிறவர், அவரிடம் மிச்சமான 2.5 (சதுர மில்லிமீட்டர்) செம்புக் கேபிள் கேட்டேன். "செம்பு கிலோ என்ன விலை தெரியுமாடா?" என்று சத்தம் போட்டுவிட்டு ஒரு பை நிறையக் கொடுத்தார். இந்த கேபிளின் உள்ளே ஏழு கம்பிகள் இருக்கும். 30 சென்டிமீட்டர் நீளத்தில் எட்டுத் துண்டு வெட்டி, தோலை உரித்தால் 56 கம்பி. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து, கீழே இரண்டு சென்டிமீட்டரை முறுக்காமல் விட்டு (நட்டு வைக்க ஆணி மாதிரி அது வேண்டும், மறந்தால் பிறகு அழுவீர்கள்), அதன் மேல் நாலு சென்டிமீட்டர் மட்டும் முறுக்குங்கள். அதுதான் அடிமரம். தூங்குமூஞ்சியின் அடிமரம் குட்டை, சீக்கிரமே பிரிந்துவிடும். அங்கிருந்து ஐந்து கிளையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சற்று முறுக்கி, மறுபடி இரண்டாக மூன்றாக, கடைசியில் ஒற்றைக் கம்பி வரை. சமமாகப் பிரிக்காதீர்கள். ஒரு கிளை தடிமனாக, ஒன்று மெலிந்து, ஒன்று பாதியில் ஒடிந்தது போல இருக்கட்டும். குடைக் கம்பி மாதிரி வெளியே சாய்ந்து ஏறி, நுனிகள் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்தால் சரி. ஒற்றைக் கம்பிகூட 1:100 கணக்கில் கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர் தடிமன், சுள்ளிக்கு அது அதிகம். அதனால் நுனிகளில் பழைய சார்ஜர் வயரின் முடி போன்ற இழைகளைச் சுற்றினேன். கண் வலிக்கும் வேலை, முன்வரிசை மரத்துக்கு மட்டும் செய்தால் போதும்.

பட்டைக்கு சுவர்ப் புட்டி, வெள்ளைப் பசை, கொஞ்சம் அக்ரிலிக் பெயிண்ட் மூன்றையும் தயிர்ப் பதத்தில் கலந்து பிரஷ்ஷால் பூசினேன். அதற்கு முன் அடிமரத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பருமன் ஏற்றிக்கொள்ளுங்கள், வெறும் கம்பி ஒல்லியாகத் தெரியும். மூன்று மெல்லிய பூச்சு, ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் வெடித்து உதிரும். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் மழைக் காலத்தில், பசை காய்வதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும் போல இருக்கும். பூச்சுக்கு ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள், பக்கத்தில் காற்றாடியை ஓட விடுங்கள். நிறம் மட்டும் சாக்லேட் வேண்டாம். போய்ப் பாருங்கள், பட்டை கறுத்த சாம்பல் நிறம். கருஞ்சாம்பல் அடித்துவிட்டு, பிரஷ்ஷில் பெயிண்டைத் துடைத்தெடுத்து வெளிறிய சாம்பலை மேடுகளில் மட்டும் உரசினால் வரி வரியாகத் தெரியும்.

இலைக்குப் பழைய மெத்தை ஸ்பாஞ்ச். துண்டாக்கி, தண்ணீரோடு பிளெண்டரில் அரைத்து, பிழிந்து, பச்சை பெயிண்டில் பிசைந்து காய வைத்து, தேநீர் வடிகட்டியில் சலித்தேன். பிளெண்டர் அம்மாவுடையது. இதைப் படித்துத்தான் அவருக்கே தெரியப் போகிறது, நீங்கள் தனியாகப் பழையது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பச்சை வேண்டும், இருண்டது அடியில், வெளிறியது உச்சியில். தலையணைப் பஞ்சை சிலந்தி வலை அளவுக்கு இழுத்து, கறுப்பு ஸ்பிரே அடித்து, கிளை நுனிகளின் மேல் மட்டும் போர்த்தி, ஹேர் ஸ்பிரே அடித்துப் பொடியைத் தூவி, தலைகீழாகத் தட்டி, மறுபடி ஸ்பிரே. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிடுங்கள், ஓட்டை தெரிய வேண்டும்.

காய்ந்த வேர், பூங்கொத்துச் சுள்ளி என்று இயற்கைப் பொருளை வைத்துச் செய்கிறவர்கள் உண்டு. நானும் முயன்றேன், பத்து நாளில் வெள்ளைப் பூஞ்சை, அப்புறம் எறும்பு. வெயிலில் நன்றாகக் காய வைத்து, தண்ணீர் கலந்த பசையில் முக்கி எடுத்தால் பிழைக்கலாம். தென்னைக்கு சாத்தே இறைச்சி குத்திச் சுடும் குச்சி தடிமனில் பொருந்தியது, ஆனால் விளக்குக் கம்பம் மாதிரி நின்றது, கம்பிதான் வளையும். ஓலை 1:100இல் நாலைந்து சென்டிமீட்டர், காகிதத்தை நீளவாக்கில் மடித்து ஓரத்தைச் சாய்வாக நறுக்கினால் வந்துவிடும்.

நேரக் கணக்கு: ஒரு தூங்குமூஞ்சிக்குக் கையால் ஏழு மணி நேரம், காய்வதற்கு மூன்று நாள். அதனால் மூன்றே பெரிய மரம் செய்தேன், பின்னால் நிற்பவை வெறும் முறுக்கிய கம்பியும் பொடியும். ரிவியூவுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள், கடைசி வாரம் டிராயிங்குக்கே போதாது.

பேசவும் தயாராகுங்கள். இந்த முறை வேறொரு லெக்சரர், குனிந்து மரத்தின் அடியிலிருந்து கட்டடத்தைப் பார்த்தார். "ஏன் இந்த மரம்?" மேற்கு வெயிலுக்கு நிழல் என்றேன். "சாயங்காலம்?" அது எனக்குத் தெரிந்த கேள்வி. பொழுது சாயும்போது இலை மடிந்துவிடும், மலாயில் இதை 'பொக்கோக் புக்குல் லீமா', ஐந்து மணி மரம் என்றே சொல்வார்கள், மழை வருமுன்பும் மடியும் என்றேன். "அப்படியென்றால் ஐந்தரை மணி வெயில் உங்கள் வராந்தாவில் அடிக்குமே?" என்றார். அதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. நீங்கள் வைத்திருங்கள்.

மாடலைத் தூக்கிப் போகும்போது மரங்களைப் பிடுங்கித் தனியாகச் சப்பாத்துப் பெட்டியில் நுரைப்பலகை மேல் குத்தி எடுத்துப் போங்கள். நான் நட்டபடியே கிராப் வாடகைக் காரில் கொண்டு போனேன், ஒன்று கதவில் மாட்டி வளைந்துவிட்டது. கம்பிதானே, நிமிர்த்தி வைத்தேன்.