அரியர் பாடங்களை முடிப்பதற்காக நான் விட்டவை

இளங்கலைக் கணிதத்தின் மூன்றாம் பருவத் தேர்வு முடிவுகள் வெளிவந்தபோது, முதலாண்டின் நுண்கணிதமும் துணைப்பாடமான இயற்பியலும் ஏற்கெனவே அரியராக, அதாவது தேறாமல் மறுபடியும் எழுத வேண்டிய பாடங்களாக, நின்றிருந்த என் பட்டியலில் ரியல் அனாலிசிஸும் (மெய்ப் பகுப்பாய்வு) மெக்கானிக்ஸும் (இயக்கவியல்) சேர்ந்துகொண்டன. படிப்பில் கவனம் இல்லை என்றும், பள்ளிக்கூட அடித்தளம் சரியில்லை என்றும், இந்தப் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்றும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவற்றுள் எதையும் நான் ஏற்கவில்லை. என்னுடைய ஒரு வாரம் எதெதற்குப் போகிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கணக்கை நானே ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. இதே நிலையில் இருக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி, நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் இடையில் இருக்கிறது, கல்லூரி ஊட்டியில். மழைக்காலத்து மூடுபனியில் தொட்டபெட்டாப் பக்கத்துச் சாலையில் பேருந்து ஊர்ந்துதான் செல்லும் என்பதால், போகவும் வரவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் வழியிலேயே கழிந்துவிடும். வகுப்பறை நேரம் வாரத்துக்கு 30 மணி. முதல் நான்கு பருவங்களில் தமிழும் ஆங்கிலமும், அவற்றோடு முதன்மைப் பாடங்களும் துணைப்பாடமும், 2022இல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சியும் இருந்தன. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருந்ததால் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. மாலையில் கோத்தகிரியில் தட்டச்சு வகுப்பு. வார இறுதியில், அரசு வேலைக்காகத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்கான பயிற்சி வகுப்பு. தேயிலைக் கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில், வகுப்பு இல்லாத நேரத்தில் அம்மாவோடு இலை பறிக்கவும் போக வேண்டும். இவை அனைத்தையும் எழுதிக் கூட்டியபோது, கணிதத்தை உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதற்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சவில்லை. கணிதமோ கேட்டுப் புரிந்துகொள்வதோடு முடிகிற பாடம் அன்று; கையால் போட்டுப் பார்க்காத கணக்கு தேர்வறையில் வராது.

ஆகவே எதைப் படிப்பது என்பதற்கு முன்னால் எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. தட்டச்சையும் பயிற்சி வகுப்பையும் நிறுத்துவதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது; ஆனால் அந்த இரண்டின் மீதுதான் அம்மா தன் நம்பிக்கை முழுவதையும் வைத்திருந்தார். என் தாத்தாவும் பாட்டியும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்தில் ஓர் அரசு அலுவலக நாற்காலிக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை நான் அறிவேன். பக்கத்து வீட்டு அக்கா தட்டச்சராக வேலைக்குப் போன நாள் முதல் அம்மா அதே கனவில் இருந்தார். அதனால் அவரிடம் பொறுமையாக விளக்கினேன். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்; அந்தத் தகுதி எனக்கு எப்போதும் இருக்கும். தட்டச்சுத் தேர்வு ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கிறது. ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் போகலாம். அதே தேர்வாணையத்தின் குரூப் 2 தேர்வுக்கும், ஆசிரியர் பயிற்சியான பி.எட். படிப்புக்கும் பட்டம் வேண்டும். அந்தப் பட்டம்தான் இப்போது நழுவிக்கொண்டிருக்கிறது. அம்மா சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இந்த அரியரெல்லாம் முடிச்சாத்தான் அந்தப் பெரிய பரீட்சை எழுத விடுவாங்களா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த மாதத்திலிருந்து, தட்டச்சுக் கட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்த, கல்லூரி மாணவிகளுக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தின் 1000 ரூபாய், அரியர் தேர்வுக் கட்டணத்துக்கென ஒதுங்கியது.

நேரம் கிடைத்துவிட்டது, அதை எங்கே செலவிடுவது என்பதில் எனக்கு உதவியவர் எங்கள் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியை; டியூட்டர் அம்மா என்று அழைப்போம். புதிதாக எதையும் படிக்கத் தொடங்கும் முன் விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் பார் என்று அவர் சொன்னார். முடிவுகள் வந்தபின் குறித்த தேதிக்குள் கட்டணம் செலுத்தினால் நகல் கிடைக்கும் என்பது தெரிந்திருந்தும், அதை மறுமதிப்பீட்டுக்கான படியாக மட்டுமே மாணவர்கள் பலர் நினைக்கிறோம். எனக்கு அது வேறொன்றைக் காட்டியது. ரியல் அனாலிசிஸில் 75க்கு 22 வாங்கியிருந்தேன்; ஆனால் எழுதிய விடைகளுக்குப் பெரும்பாலும் முழு மதிப்பெண்ணே கிடைத்திருந்தது. பத்து மதிப்பெண் வினாக்களில் ஒன்றைப் பாதியில் விட்டிருந்தேன், மற்றவற்றைத் தொடவே இல்லை. எனக்குப் பாடம் வரவில்லை என்பது உண்மை அன்று. பாடத்தின் பெரும்பகுதியை எட்டிப்பார்க்கவே நேரம் இருந்ததில்லை என்பதுதான் உண்மை. அந்த நகலைப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட ஆறுதலை இப்போதும் மறக்க முடியவில்லை.

வினாத்தாளின் அமைப்பை அதன்பின் கூர்ந்து கவனித்தேன். எங்கள் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடமும் ஐந்து அலகுகள். முதல் பகுதியில் அலகுக்கு இரண்டாகப் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள். இரண்டாம் பகுதியில் அலகுக்கு ஒன்றாக ஐந்து மதிப்பெண் வினாக்கள், ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்ற தேர்வு உண்டு. மூன்றாம் பகுதியில் அலகுக்கு ஒன்றாக வரும் ஐந்து வினாக்களில் ஏதேனும் மூன்றுக்குப் பத்துப் பத்து மதிப்பெண். மூன்று அலகுகளை மட்டும் ஐயமின்றிப் படித்தாலும் முதல் பகுதியில் 12, இரண்டாம் பகுதியில் 15, மூன்றாம் பகுதியில் 30 என 57 மதிப்பெண் வரையிலான வினாக்கள் கைக்குள் வந்துவிடுகின்றன. தேறுவதற்குப் பருவத் தேர்வில் வேண்டியது 30. ஐந்து அலகுகளையும் அரைகுறையாகப் புரட்டுவதைவிட மூன்றை முழுமையாகப் போட்டுப் பார்ப்பது அரியர் பாடத்துக்குப் போதுமானது என்பது என் உறுதியான கருத்து. நடப்புப் பருவத்தின் பாடங்களுக்கு இந்த வழியைக் கையாளவில்லை. அவற்றை ஐந்து அலகுகளும் படித்தேன், ஏனெனில் அடுத்த பருவத்தின் பாடம் அவற்றின் மேல்தான் நிற்கும்.

உள்தேர்வுகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் கல்லூரியே தரும் அகமதிப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு 25 மதிப்பெண். முதல் முறை வாங்கியதே அரியர் எழுதும்போதும் தொடரும். பருவத் தேர்வில் 30 வாங்கினால் மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்து 40 வர வேண்டும். மெக்கானிக்ஸில் எனக்கு அகமதிப்பீடு 8 மட்டுமே இருந்ததால், அந்தப் பாடத்தில் 32 வாங்கினால்தான் தேற முடியும். இதைக் கணக்கிட்டபின், நடப்புப் பாடங்களின் உள்தேர்வுகளையும் ஒப்படைப்புகளையும் ஒருபோதும் தள்ளிப்போடவில்லை. அங்கே எளிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும், பின்னாளில் அரியர் வருவதைத் தடுக்கும்.

பாடங்களின் வரிசையையும் டியூட்டர் அம்மாவே அமைத்துக் கொடுத்தார். எல்லா அரியரையும் ஒரே பருவத்தில் எழுதிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. கட்டணம் எல்லாவற்றுக்கும் கட்டு, உழைப்பை மட்டும் இரண்டுக்குக் கொடு என்றார் அவர். முதலில் நுண்கணிதம், ஏனெனில் வகையீடும் தொகையீடும் கையில் இல்லாமல் மெக்கானிக்ஸில் எறிபொருள் இயக்கத்தையோ சீரிசை இயக்கத்தையோ தொட முடியாது. அதோடு இயற்பியல், ஏனெனில் அதில் மனத்தில் நிறுத்த வேண்டிய பகுதி மிகுதி, கணக்குப் போட்டுக் களைத்த இரவுகளில் அதைப் படிக்கலாம். ரியல் அனாலிசிஸுக்கு வேறு முறை தேவைப்பட்டது. எப்சிலான், டெல்டா வரும் நிரூபணங்களை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு வரி மறந்தாலும் முழுவதும் நின்றுவிடும். வரையறையைச் சொல்லுக்குச் சொல் அறிந்திருந்தால் நிரூபணத்தின் அடுத்த வரி என்ன என்பதை நாமாகவே கண்டுகொள்ளலாம். கொண்டைஊசி வளைவுகளில் புத்தகத்தைப் பிரித்தால் எனக்குத் தலை சுற்றும் என்பதால், பேருந்தில் என்னோடு வரும் தோழி வரையறைகளை ஒவ்வொன்றாகக் கேட்பாள், நான் வாய்விட்டுச் சொல்வேன். கட்டபெட்டு வருவதற்குள் தொடர்வரிசையின் ஒருங்கல் முதல் சார்பின் தொடர்ச்சி வரை ஒரு சுற்று முடிந்துவிடும்.

தேர்வு நாட்கள் கடினமாகவே இருந்தன. நடப்புப் பாடம் காலையிலும் அரியர் பாடம் பிற்பகலிலும் ஒரே நாளில் அமைந்ததுண்டு. நவம்பரில் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளைப் பார்த்த அம்மாவுக்கு, மழையில் நான் இருட்டும் நேரத்தில் திரும்பி வருவது பெரும் கலக்கம். எனவே தேர்வு முடியும்வரை ஊட்டி பிங்கர்போஸ்டில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கினேன். பயண நேரம் மிஞ்சியதால் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்க்க முடிந்தது. வாய்ப்புள்ளவர்கள் அந்த ஓரிரு வாரங்களுக்காவது கல்லூரிக்கு அருகில் தங்குவதற்கு வழி தேடிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நுண்கணிதமும் இயற்பியலும் முதலில் தேறின; அடுத்த பருவத்தில் ரியல் அனாலிசிஸ். மெக்கானிக்ஸ் கடைசிப் பருவம் வரை வந்து, 75க்கு 34 வாங்கி முடிந்தது. பட்டம் கைக்கு வந்த பின் நிறுத்தியிருந்த தட்டச்சு வகுப்பில் மறுபடியும் சேர்ந்தேன். ஆகஸ்டில் நடந்த இளநிலைத் தேர்வில், நிமிடத்துக்கு 30 சொல் என்ற வேகத்தில் தேறிவிட்டேன். இப்போது குரூப் 2 முதல்நிலைத் தேர்வுக்குப் படித்துவருகிறேன்.