பெட்ரோல் விமானத்துக்கு எந்த பேட்டரி?

பட்டர்வொர்த் ஊர்த் தம்பி ஒருவன் நேற்று கேட்டான்: "அண்ணே, ரிமோட்டில் பறக்கும் 30 சிசி பெட்ரோல் மாடல் விமானத்துக்கு ஒரே பேட்டரி போதாதா?"

போதாது. ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு ஒன்று, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷனுக்கு ஒன்று. நான் இரண்டுக்கும் இரண்டு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான் போடுகிறேன், 6.6 வோல்ட். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) முழுசாக ஏற்றினால் 8.4 வோல்ட் வரை போகும், இறக்கை, வால் தகடுகளை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்கள் பல அதைத் தாங்காது. அதோடு பினாங்கு வெயிலில் கார் பூட்டுக்குள் தலையணை மாதிரி உப்பிக் கிடந்த ஒன்றைப் பார்த்த பிறகு எனக்கு அதில் ஆசையே விட்டுப்போச்சு.

சரி, சுவிட்ச். சாதாரணத் தள்ளு சுவிட்ச் இன்ஜின் அதிர்வில் தேய்ந்துவிடும். ஒருநாள் இறங்கும்போது இறக்கை திடீரென்று வெட்டி இழுத்தது, பிரித்துப் பார்த்தால் உள்ளே தகடு கறுத்துக் கிடக்கிறது. இப்போது எலக்ட்ரானிக் சுவிட்ச்தான், அதன் பொத்தான் கழன்று விழுந்தாலும் ரிசீவருக்குக் கரண்ட் நிற்காது. இக்னிஷனுக்கு இதற்கு நேர்மாறு, கோளாறு என்றால் அணைய வேண்டும்: ஆப்டிகல் கில் சுவிட்ச் (ஒளி வழியாகக் கட்டளை வாங்கி இக்னிஷன் கரண்டை வெட்டுவது), கையிலிருக்கும் ரிமோட்டிலேயே இன்ஜினை அணைக்கலாம். சிக்னல் போனால் தானாக அணையும்படி ஃபெயில்சேஃப் வைத்து, தரையிலேயே ரிமோட்டை ஆஃப் செய்து சோதித்துப் பார்.