கணக்கு ஒரே அறையில் இருக்கக் கூடாது

கோத்தகிரியில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றின் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஒரு நவம்பர் இரவில் இடி விழுந்து அலுவலகக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. தினமும் நகல் எடுத்துவைத்த பென் டிரைவும் அதே கணினியில் செருகியபடியே இருந்ததால் அதுவும் கருகியது. அந்த மாதத்தின் 18 நாள் இலை எடையை, கார்பன் தாள் வைத்து எழுதிய சீட்டுகளைத் தரையில் பரப்பி மீண்டும் ஏற்றினோம். ஈரத்தில் எழுத்து கலங்கி, 1 எது, 7 எது என்று புரியாத சீட்டுகளை எடுத்துக்கொண்டு விவசாயிகளின் வீடுகளுக்கே போய் அவர்களிடமிருந்த சீட்டோடு ஒப்பிட்டோம்.

மென்பொருளை விலைக்கு வாங்கிச் சொந்தக் கணினியில் ஏற்றாமல், சந்தா கட்டி இணையம் வழியாகப் பயன்படுத்தும், கணக்கும் மென்பொருள் நிறுவனத்தின் கணினிகளிலேயே சேமிக்கப்படும் ‘சாஸ்’ முறைக்கு நாங்கள் மாறியதற்கு அந்த இரவுதான் காரணம். மாதாமாதம் பணம் கட்டுவது வீண் என்று முதலாளிகள் பலர் நினைக்கிறார்கள். ஒருமுறை கொடுக்கும் விலையோடு மட்டும் சந்தாவை ஒப்பிடுவது சரியான கணக்கு அல்ல. பழுது பார்ப்பது, நகல் எடுப்பது, புதிய பதிப்பு ஏற்றுவது என்று நாம் தனியாகச் செய்துவந்த செலவும் அந்தச் சந்தாவில் அடங்குகிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, பழைய மென்பொருளைத் திருத்த மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள் மலையேறி வரும்வரை காத்திருந்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறியபோதோ, காலையில் பில் போட உட்கார்ந்தால் புதிய விகிதங்கள் தயாராக இருந்தன. ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்கள் சென்னையில் வளர்ந்து உலகெங்கும் விற்பது இந்த முறையிலான மென்பொருளைத்தான் என்பதால், இது நமக்கு எட்டாத பொருளும் அல்ல.

மழைக்காலத்தில் மரம் சாய்ந்து இணையக் கம்பி அறுந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி, மலையில் இருப்பவர்களுக்கு நியாயமானது. ஆகவே, இணையம் இல்லாதபோதும் எடையைக் கைபேசியிலேயே பதிந்து, தொடர்பு கிடைத்ததும் தானே அனுப்பிவிடும் வசதி இருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகே சந்தா கட்ட வேண்டும். சேவையை விட்டு விலகும் நாளில் நம் கணக்கு முழுவதையும் எக்ஸெல் கோப்பாகத் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்காமல் சேர்ந்தவர்கள் சந்தா உயரும்போது வேறு வழியின்றிக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும், மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மொத்தக் கணக்கையும் இறக்கி ஒரு பென் டிரைவில் வைக்கிறேன். அது அலுவலகத்தில் இருப்பதில்லை. என் வீட்டு அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், ஈரம் படாத அலமாரியில் இருக்கிறது.